ஓடாத பெண்ணுக்கு நான்கு பாட்டில்

நாமக்கல் மாவட்டத்திலேயே அதிகமாக ஓடியாடும் மாணவி எங்கள் பள்ளியில் படிக்கிறாள் என்று கடிதம் வந்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, கு. நிறைமதி. அந்தப் பெண் ஓடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சரே நான்தான்.

பி.டி. டீச்சர் என்று பெயர்தானே தவிர, எனக்கென்று ஒரு பீரியட் கிடையாது. கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியட் பச்சை நிறத்தில் அழகாகப் போட்டிருக்கும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் சௌந்தரராஜன் என்னை வராந்தாவிலேயே மறித்து, "மிஸ், போர்ஷன் முடியல. இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்பார். அந்த 'இன்னிக்கு ஒருநாள்' தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கணக்கு விட்டால் இயற்பியல், இயற்பியல் விட்டால் வேதியியல். யாருக்கு நேரம் போதவில்லை என்றாலும் என்னுடையதைத்தான் பிடுங்குவார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? மாநில அளவில் கோ-கோ ஆடியவள் இந்த மல்லீஸ்வரி. இங்கே என் விசிலுக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் வேலை.

ஆனால் பதிவேட்டில் எல்லாப் பீரியடும் நடந்திருக்கும். "மூன்றாவது பாடவேளை, விளையாட்டு, நாற்பத்தெட்டுப் பேர்" என்று டேப்லெட்டில் வரும். அதன் கீழே நான் கட்டைவிரலை வைக்க வேண்டும். வைத்தேன். முதல் வருஷம் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று கடைசியில் தேட வேண்டாம், என் பெயரையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அரசின் இளநலத் திட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மேல்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஒட்டு. பிள்ளைகள் அதைப் 'பொட்டு' என்பார்கள். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று அது நலமையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கரை நோய் வர ஆரம்பித்த பிறகு யோசித்த திட்டம் அது. கூல்ட்ரிங்க்ஸை ஒரேயடியாகத் தடை செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை, கம்பெனிகளும் விடவில்லை. அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். எவ்வளவு ஓடியாடுகிறாயோ அவ்வளவு குடித்துக்கொள்ளலாம். கேன்டீனிலும் கடைகளிலும் உள்ள குளிர்பெட்டியில் மாணவர் தன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உடம்பு உழைத்திருந்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும், இல்லாவிட்டால் சிவப்பு. எங்கள் பள்ளியில் சிவப்பு விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. அது ஏன் என்று அந்த மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

கடிதத்தின்படி பத்து நாளில் மாவட்ட மைதானத்தில் விழா. நிறைமதிக்கு மெடல் தருவார்கள். அந்த மெடலுக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் அவள் மைதானத்தை ஒரு சுற்று ஓடிக் காட்ட வேண்டும்.

அடுத்த நாள் என் பீரியடில் சௌந்தரராஜன் டெஸ்ட் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் போய் நின்று, நிறைமதியை மட்டும் அனுப்பும்படி கேட்டேன். என் பீரியடில் ஒரு பிள்ளையை நான் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. "இவ ஒருத்திதான? கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய மனது பண்ணினார்.

உயரமான பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஒரு கறுப்புப் பட்டை. நானும் பதினோரு வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன், இந்த மாதிரிக் கழுத்துகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன், தேய்த்துக் குளிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன விளையாட்டு விளையாடுவ நீ?" என்று கேட்டேன்.

"விளையாட்டுங்களா மிஸ்?"

"வாரத்துல எவ்வளவு நேரம் ஓடுவ?"

"ஓடறதில்லைங்க மிஸ். நேரம் எங்கங்க மிஸ் இருக்குது?" என்றவள், ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நாலரைக்கு எழுப்பிவிடுவார்கள். ஐந்திலிருந்து ஏழு வரை ஸ்பெஷல் கிளாஸ். எட்டரைக்குப் பள்ளி, ஐந்து வரை. ஆறிலிருந்து பத்து வரை ஹாஸ்டலில் படிப்பு.

"தூக்கம் வராதா?"

"கூல்ட்ரிங்க்ஸ் குடிச்சா வராதுங்க மிஸ். எல்லாரும் குடிப்போம். எனக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டில். எங்க கிளாஸ்லயே எனக்குத்தான் அதிகம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

கோட்டில் நிறுத்தி விசில் ஊதினேன். நாற்பது மீட்டர் போயிருப்பாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். என் ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்தேன், ஒரே மூச்சில் காலி செய்தாள். ஐந்து நிமிஷத்தில் பாத்ரூம் போக வேண்டும் என்றாள்.

"ராத்திரி எத்தன தடவ எழுந்து போற?"

"நாலஞ்சு தடவ ஆகுதுங்க மிஸ். பாட்டிலு குடிக்கறதால இருக்கும்."

என் கணவருக்குச் சர்க்கரை நோய் வந்து எட்டு வருஷம். இந்த அறிகுறிகள் எனக்கு மனப்பாடம். அன்று மாலையே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் அம்மாள் என்னைத்தான் திட்டினார். "கழுத்தப் பாத்தாலே தெரியுதேம்மா. ரெண்டு வருஷமாவது இருக்கும். பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு அம்பது வயசு ஆளோட சர்க்கரை. நீங்க பி.டி. டீச்சரா? என்னதான் பண்றீங்க அங்க?"

மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிமேல் ஒரு பாட்டில்கூடக் கூடாது, தினமும் ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க வேண்டும், இப்படியே விட்டால் முப்பது வயதுக்குள் சிறுநீரகமும் கண்ணும் கெட்டுப்போகும் என்றார். நிறைமதி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிறைமதியின் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். தகவல் கேட்டுப் பதறிக்கொண்டு ஓடி வந்தவர், அழுது முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மிஸ், இதச் சொன்னா அந்த மெடலக் குடுக்க மாட்டாங்களா?"

"ஓடாத பிள்ளைக்கு எப்படிங்க குடுப்பாங்க?"

"சர்க்கரைக்கு மாத்திரை இருக்குதுங்க மிஸ். காலேஜ் சீட்டுக்கு ஏதுங்க மாத்திரை?"

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்தேன். கோழிக்கூண்டுக் கம்பி கிழித்த தழும்புகள் விரலெல்லாம் இருந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சேலத்தில் உள்ள நலமைய அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பள்ளியின் பொட்டுகளைக் கவனிப்பவள் ரேஷ்மா பானு என்ற இளம் இன்ஜினியர். நிறைமதியின் வரைபடத்தைத் திரையில் விரித்துப் போட்டாள். கோடு மலையும் பள்ளமுமாக இருந்தது.

"இங்க பாருங்க மிஸ். செவ்வாய்க்கிழமை மூணாவது பீரியட். நாப்பது நிமிஷம் விடாம நூத்தி இருபத்தஞ்சு துடிப்பு. ரொம்ப நல்ல ஓட்டம்."

"அது கணக்கு டெஸ்ட்டும்மா."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இல்ல மிஸ், விளையாட்டுப் பீரியட்னுதான் போட்டிருக்கு."

"போட்டது நான்தான். பீரியட் நடக்கல. ஒருநாளும் நடக்கல. அந்தப் பொண்ணுக்குக் கணக்குன்னா நடுக்கம். உங்க மிஷினுக்கு அதுகூடத் தெரியாதா?"

ரேஷ்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பொட்டுக்குக் கண்ணு கிடையாது மிஸ். இதயம் வேகமா அடிக்குதுன்னு தெரியும். எதுக்காக அடிக்குதுன்னு தெரியாது. அத நாமதான் சொல்லிக் குடுக்கணும். முதல் ஆறு மாசம் ஒவ்வொரு ஸ்கூல்லயும் பி.டி. பீரியட்ல என்ன மாதிரி துடிப்பு வருதுன்னு பாக்கும். சரி, இந்த ஸ்கூல் பிள்ளைங்க ஓடுனா இப்படித்தான் அடிக்கும்னு கத்துக்கும். அப்புறம் அதே துடிப்பு எப்ப வந்தாலும் ஓட்டம்னு எடுத்துக்கும்."

"எப்ப வந்தாலுமா?"

"ஸ்பெஷல் கிளாஸ், ஹாஸ்டல், பேப்பர் குடுக்கற நாள், எப்ப வந்தாலும்." சொல்லச் சொல்ல அவளுக்கே முகம் மாறியது. "அப்படின்னா உங்க பிள்ளைங்க மூணு வருஷமா காலையில அஞ்சு மணியிலருந்து ஓடிட்டே இருக்காங்கன்னு அது நினைச்சிட்டு இருக்கு."

"சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கே, அதுக்கு மணி அடிக்காதா?"

"ஓடறவங்களுக்குத் தனி அளவு வெச்சிருக்கு மிஸ். கடுமையா ஓடுனா கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கிடும்னு விட்டுடும். சாதாரணப் பிள்ளைன்னு நினைச்சிருந்தா முதல் வருஷமே உங்களுக்குத் தகவல் வந்திருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். "மாவட்டத்துலயே அதிகமாப் பயந்த பிள்ளையத் தேடிப் பிடிச்சு மெடல் குடுக்கறீங்க. பயந்ததுக்குக் கூலியா நாலு பாட்டில் சர்க்கரைத் தண்ணி."

"மிஷின் பொய் சொல்லல மிஸ்" என்றாள் ரேஷ்மா மெதுவாக. யார் சொன்னது என்று அவள் முடிக்கவில்லை. நல்ல பெண்.

திருத்துவதற்கு வழி இருந்தது. விளையாட்டு நடக்கவில்லை என்று நான் விரல் வைக்க வேண்டும், பள்ளித் தாளாளரும் விரல் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மூன்று வருஷப் பதிவும் அழிந்து, பொட்டு புதிதாகக் கற்றுக்கொள்ளும். நிறைமதியின் அட்டையை மட்டும் முடக்க முடியுமா என்று கேட்டேன். மருத்துவ விலக்கு என்று விண்ணப்பிக்கலாம், தொண்ணூறு நாளாகும் என்றாள். தொண்ணூறு நாளும் பச்சை விளக்குதான் எரியும்.

எங்கள் தாளாளர் அர்த்தநாரி கத்துகிற மனிதர் அல்ல. சிரித்துக்கொண்டேதான் பேசுவார். நான் போனபோது சௌந்தரராஜனும் அறையில் இருந்தார். முழுவதையும் சொன்னேன்.

"ஏனுங் மிஸ், கேட்டில போர்டு மாட்டியிருக்கறோம் பாத்தீங்களா?" என்றார் தாளாளர். "'மாநிலத்தின் சுறுசுறுப்பான பள்ளி'. ரெண்டு வருஷமாத் தொடர்ந்து நம்மளுதுங்க. அட்மிஷன் நேரத்துல போயி எல்லாம் பொய்யின்னு நானே எழுதிக் குடுக்கறதுங்களா?"

"ஒரு பிள்ளைக்கு உடம்பு போயிருச்சுங்க சார். இன்னும் எத்தன பேருக்குன்னு தெரியல. கழுத்தப் பாருங்க ஒவ்வொருத்தருக்கும்."

"பாக்கலாமுங்க. பரீட்சை முடியட்டும். பொய்யா விரல் வெச்சது நீங்க. இப்ப வெளிய சொன்னா வேலை போறது யாருக்குங்க, எனக்கா?" சிரிப்பு மாறவே இல்லை. "அந்தப் புள்ளைக்குக் கால் சுளுக்குன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. ஓட வேண்டாம், மெடல மட்டும் வாங்கிட்டு வரட்டும்."

"எழுத மாட்டேன்" என்றேன்.

"செரி, வேற ஆரையாச்சும் எழுதச் சொல்லிக்கறனுங்க."

சௌந்தரராஜன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாளாளர் மேல் வந்ததைவிட அந்த மனிதர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. என் பீரியடை எடுத்துக்கொண்டது அவர். அந்தப் பெண்ணை நடுங்க வைத்ததும் அவர்தான்.

வெளியே வந்தால் கேன்டீனில் நிறைமதி. குளிர்பெட்டி திறந்திருந்தது, கையில் ஆரஞ்சு நிறப் பாட்டில். பாதி காலி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா உனக்கு?"

அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உடனே அழுதுவிட்டாள். "குடிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதாங்க மிஸ் வர்றேன். பச்சை லைட் எரிஞ்சு கதவு தொறந்துச்சுன்னா கை தானாப் போயிருது. ரெண்டு நாளாக் குடிக்காம இருந்தேன், காலைல கிளாஸ்ல தூங்கிட்டேன். வெளிய நிக்க வெச்சுட்டாங்க."

நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"செவப்பு லைட் எரிஞ்சா உட்டுருவேன் மிஸ்" என்றாள். "நெசமா உட்டுருவேன். ஒருக்கா செவப்பு எரிய வைங்க மிஸ்."

இவ்வளவுதான் அந்தப் பெண் கேட்டது. ஒரு சிவப்பு விளக்கு. அரசாங்கம், அலுவலகம், தாளாளர், பெற்ற தாய் என்று எல்லாரும் சேர்ந்து அதைத் தர மறுத்தார்கள்.

திங்கள்கிழமை காலைதோறும் பிள்ளைகளுக்குப் புதுப் பொட்டு ஒட்டுவது என் வேலை. டேப்லெட்டில் பெயரைத் தொட்டுவிட்டு ஒட்ட வேண்டும். அதன் பிறகு அந்தப் பொட்டு யார் கையில் இருந்தாலும் நலமையத்துக்கு அது அந்தப் பிள்ளையின் கைதான். ஞாயிறு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நிறைமதியின் பொட்டை நிதானமாகத் துடிக்கிற ஓர் இதயத்தின் மேல் ஒட்டினால் போதும். இந்தப் பெண் ஓடவில்லை என்று பொட்டு ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். வாராவாரம் சனிக்கிழமைதான் புது அனுமதி வரும், அன்று அவளுக்குச் சிவப்பு எரியும். வகுப்பில் வருகை எடுப்பதும் பொட்டை வைத்துத்தான் என்பதால், அந்த ஆள் பத்தாம் வகுப்பு 'பி'யிலேயே இருக்க வேண்டும். அந்த அறையில் பயப்படாமல் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவர்தான். வகுப்பாசிரியரும் ஹாஸ்டல் படிப்பைக் கவனிப்பவருமான கணக்கு வாத்தியார் சௌந்தரராஜன்.

திங்கள்கிழமை அவரை விளையாட்டுச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சிறுநீரகம், கண், முப்பது வயது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்புங்க மிஸ் இது" என்றார், நான் கேட்டதைக் கேட்டுவிட்டு.

"ஒம்பது வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதவிடவா சார்? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன?"

சட்டையின் கைப் பித்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டார். நிறைமதியின் பெயரைத் தொட்டு, அவர் மேல்கையில் பொட்டை ஒட்டினேன். கை சில்லென்று இருந்தது.

"எம் பீரியட்ல அவள கிரவுண்டுக்கு அனுப்பறேன்" என்றார். "யாரும் கேட்டா நோட்டு எடுக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கறேன்."

அந்த வாரத்துக்குப் பழைய அனுமதியே இருக்கும் என்பதால் நிறைமதியின் அட்டையை நானே வைத்துக்கொண்டேன். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் அந்த அட்டைதான் வேண்டும். மூன்று வேளையும் கூடப் போய் நானே காட்டினேன். சமையல்கார அம்மாள் வியாழக்கிழமையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி ஓட்ட முடியாது.

ஆனால் அந்த வாரம் எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. முதல் நாள் நடந்தாள். இரண்டாவது நாள் நடையும் ஓட்டமுமாக இரண்டு சுற்று. மூன்றாவது நாள் கோ-கோவில் எப்படிக் குந்துவது, எப்படி எழுவது என்று சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் இரண்டே பேர் என்பதால் அடுத்த ஆளுக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்து, அதைத் தொட்டு "கோ" என்று கத்தச் சொன்னேன். முதலில் முனகினாள். பிறகு ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், மாடி ஜன்னலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வியாழக்கிழமை நிற்காமல் நூற்றைம்பது மீட்டர் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை விழா. நூற்றைம்பது மீட்டர் ஓடிய பெண்ணின் நல்ல காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, மைதானத்தின் ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்து மெடல் போட்டார்கள். தாளாளர் பக்கத்தில் நின்று கை தட்டினார். நிறைமதியின் அம்மா கூட்டத்தில் நின்று அழுதார். நானும் இருந்தேன். எழுந்து கத்தியிருக்கலாம், கத்தவில்லை. சனிக்கிழமை ஒன்று வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் புது அனுமதி வரும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு நிறைமதியைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சௌந்தரராஜனும் முந்தின வாரத்துத் தேர்வுத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அட்டையை அவள் கையிலேயே கொடுத்தேன். "காட்டு."

காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. பெட்டியின் திரையில் எழுத்துகள் ஓடின. "வாழ்த்துகள் நிறைமதி! இந்த வார உழைப்பு மிகச் சிறப்பு. அனுமதி: நாளொன்றுக்கு ஐந்து பாட்டில்."

நான் சௌந்தரராஜன் பக்கம் திரும்பினேன். பிள்ளை நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை எனக்கு. "யார் கைக்கு மாத்தினீங்க சார்? எந்தப் பிள்ளைக்கு ஒட்டி விட்டீங்க? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நேர்மையா இருக்க முடியாதா உங்களால?"

"கழட்டவே இல்லைங்க மிஸ்" என்றார். தேர்வுத்தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றினார். பொட்டு நான் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் வியர்வைக்கறை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டேப்லெட்டைத் திறந்து நிறைமதியின் பெயரைத் தொட்டேன். அந்த வாரத்தின் கோடு வந்தது. காலை ஐந்து மணி ஸ்பெஷல் கிளாஸில் நூற்றுப் பதினைந்து. எட்டு மணி, தாளாளர் அறையில் ஆசிரியர் கூட்டம், நூற்று முப்பது. மூன்றாவது பீரியட். ஆறாவது பீரியட். புதன்கிழமை மாலை ரிசல்ட் மீட்டிங் நடந்த ஒரு மணி நேரமும் கோடு மேலேயே நின்றது. பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில்கூட அது இறங்கவில்லை.

"போன வருஷம் எட்டுப் பேர் நூத்துக்கு நூறு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "இந்த வருஷம் பதினஞ்சு பேர் வேணும்னு தாளாளர் கேட்டிருக்காருங்க. வரலைன்னா ஜூன்ல புது ஆள் பாத்துக்கறேன்னுட்டாரு. எனக்கும் வயசு நாப்பத்தொம்பது ஆச்சு மிஸ்."

இவ்வளவு நாள் இந்த மனிதரைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது திட்ட வாய் வரவில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

நிறைமதி என் தோளுக்கு மேலாக எட்டிக் கோட்டைப் பார்த்தாள். "இது என்னுது மாதிரியே இருக்குதுங்க மிஸ்" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். நான்கு வருஷமாகத் தன்னை நடுங்க வைத்தவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கும் இப்படி அடிக்குங்களா சார்?"

அவர் மேசைமேல் கிடந்த தேர்வுத்தாள்களை அடுக்கிச் சமன் செய்தார்.

குளிர்பெட்டி இன்னும் திறந்தேதான் இருந்தது. நிறைமதி அதன் பக்கம் திரும்பிக் கையை உள்ளே விட்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆரஞ்சு நிறப் பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூடியின் மேல் கட்டைவிரல் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பியது. பிறகு அதைச் சௌந்தரராஜனிடம் நீட்டினாள்.

"இது உங்களுதுங்க சார். நீங்கதான ஓடுனீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். திறக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. நிறைமதி காலால் குளிர்பெட்டியின் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தாளாளரின் கார் ஹார்ன் கேட்டது. சௌந்தரராஜன் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மேசையிலிருந்த தேர்வுத்தாள்களை அள்ளினார். என் கையில் டேப்லெட் திறந்தபடியே இருந்தது. நிறைமதி என்ற பெயருக்குக் கீழே அந்தக் கோடு மேலே ஏற ஆரம்பித்தது. அசையாமல் நின்ற பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்," என்றாள் என் காதருகில், அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "சார் மறுபடியும் ஓட ஆரம்பிச்சுட்டாருங்க."